9 மாதம், 17 நாடு: எதையெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்வது?

ஜன்னலோரம்:
வேலையை விட்டாயிற்று, ஏப்ரலில் கிளம்புகிறேன், கையில் 9 மாதம் இருக்கிறது. தனியாகத்தான். கென்யாவில் தொடங்கி உகாண்டா, ருவாண்டா, தான்சானியா, விக்டோரியா அருவி, கேப் டவுன், அப்புறம் ஐரோப்பாவில் 3 மாதம், பிறகு பெரு, பொலிவியா, கொலம்பியா, அங்கிருந்து பஸ்ஸிலேயே பனாமா வழியாக மெக்சிகோ, கடைசியில் நியூசிலாந்து, ஜப்பான். எண்ணினால் 17 நாடு வருகிறது. உலகத்தையே ஒரு சுற்று சுற்ற ஒரே டிக்கெட், ரவுண்ட் தி வேர்ல்ட் என்று பல விமான நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணிகள் விற்கின்றனவே, அதை எடுத்துவிடலாமா, இல்லை போகிற போக்கில் ஒவ்வொன்றாக வாங்குவதா? எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்வது எனக்குப் பிடிக்காது, நடுவழியில் மாட்டிக்கொள்ளவும் பயம்.

கால்நடை:
முதலில் பனாமா. கொலம்பியாவிலிருந்து அங்கே பஸ் கிடையாது, ஏனென்றால் ரோடே கிடையாது. அலாஸ்காவிலிருந்து இறங்கி வருகிற பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை டேரியன் காட்டில் சுமார் 100 கிலோமீட்டருக்கு அறுந்து கிடக்கிறது. விமானத்தில் தாண்டுங்கள், இல்லையென்றால் கொலம்பியத் துறைமுகமான கார்த்தஹேனாவிலிருந்து சான் பிளாஸ் தீவுகள் வழியாகப் போகும் பாய்மரப் படகு. காட்டு வழியாக நடக்கலாம் என்று எவராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, ஐரோப்பாவில் "3 மாதம்" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் வழுக்கி விழுந்தது அங்கேதான். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகள் ஷெங்கன் என்ற ஒரே விசாப் பகுதி, அந்தக் கணக்கில் மாதமே இல்லை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள், அவ்வளவுதான். ஜூன் 1 உள்ளே, ஆகஸ்ட் 31 வெளியே என்று ஜம்பமாக டிக்கெட் போட்டுவிட்டேன். நுழைகிற நாளும் கிளம்புகிற நாளும் சேர்த்தி, ஒரு ராத்திரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் 92. பழைய டிக்கெட் போனது போனதுதான், ஆகஸ்ட் 29க்குப் புதிதாக வாங்கினேன். பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், தொடங்காது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை, அங்கே இருக்கிற நாள் இந்தக் கணக்கில் வராது, ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்து அதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம்.

17 ரொம்ப அதிகம். எல்லை கடக்கிற நாள், துணி துவைக்கிற நாள், வயிறு கெட்டுப் படுத்த நாள் எல்லாம் கழித்தால் நாட்டுக்குப் 10 நாள் மிஞ்சாது. ஐந்தாறை வெட்டுங்கள்.

ஒற்றைப்பை:
வெட்டச் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. விக்டோரியா அருவியில் பாலத்தை நடந்து தாண்டினால் ஜாம்பியா, ஜிம்பாப்வே என்று இரண்டு நாடு ஆகிவிடும், அதில் என்ன அலுப்பு? நாடுகளை எண்ணாதீர்கள், விமானங்களை எண்ணுங்கள்.

நான் மாற்றச் சொல்வது வரிசையை. ஏப்ரல், கிழக்கு ஆப்பிரிக்காவின் நீண்ட மழைக்காலத்துக்கு நடுவே வருகிறது, மண் சாலைகளில் வண்டி இறங்கினால் தள்ளுகிற வேலைதான். ஆகஸ்டில் போனால் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் வில்டிபீஸ்ட் என்ற மான் இனக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. பெரு மலைப்பகுதி மே முதல் செப்டம்பர் வரை வறண்டிருக்கும், அதை முன்னால் இழுங்கள். லிமாவிலிருந்து நேரே குஸ்கோவுக்குப் பறக்க வேண்டாம், அது 3,400 மீட்டர், முதல் நாளே தலை பிளக்கும். அதைவிடத் தாழ்வான அரேகிப்பாவில் நாலு நாள் தங்கிவிட்டு ஏறினால் உடம்பு கொஞ்சம் பழகும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி இப்போதே போடுங்கள். போட்டு 10 நாள் ஆன பிறகுதான் ஊசி போட்டதற்கான சான்று அட்டை செல்லும். 2016 முதல் ஒரே ஊசி ஆயுளுக்கும் போதும். உகாண்டா அந்த அட்டையைக் கேட்கும். அங்கிருந்து தென்னாப்பிரிக்கா போனால் அவர்களும் கேட்பார்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 90 நாளுக்கு ஒரே சுற்றுலா விசா இருக்கிறது. தான்சானியா அதில் இல்லை, அதனால் அதைக் கடைசியில் வையுங்கள், நடுவில் அங்கே போய்த் திரும்பினால் அந்த விசா செத்துவிடும்.

மூட்டைமுடிச்சு:
டிக்கெட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ரவுண்ட் தி வேர்ல்ட் மட்டமில்லை, ஆனால் ஒரே திசையில்தான் போக வேண்டும், அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் தாண்டியாக வேண்டும், ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். நீங்கள் தரைவழியில் போகிற தூரமும் சில கூட்டணிகளில் ஒரு விமானப் பயணம் போலவே டிக்கெட் கணக்கில் ஏறும். தேதியை மாற்றலாம், ஊரை மாற்றினால் பணம். உங்கள் குணத்துக்கு ஒத்துவராது. கடல் தாண்டும் மூன்று நான்கு விமானங்களை மட்டும் முன்பே போடுங்கள், மிச்சம் அந்தந்த ஊரில்.

ஆனால் ஒருவழி டிக்கெட்டோடு செக்-இன் கவுண்டரில் நிற்பது வேறு கதை. "அங்கிருந்து வெளியே போகிற டிக்கெட் எங்கே?" என்று அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார். கவுண்டர் மூட 40 நிமிடம். மூட்டையின் மேல் உட்கார்ந்து, 6 சதவீத சார்ஜ் இருந்த போனில் எல்லை தாண்டும் பஸ் டிக்கெட் ஒன்றை வாங்கிக் காட்டினேன். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, நம்மை உள்ளே விடாவிட்டால் திருப்பிக் கூட்டி வருவது விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

மெக்சிகோவிலிருந்து நியூசிலாந்து போக லாஸ் ஏஞ்சலீஸில் மாறுவீர்களானால் இன்னொன்று. விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்கக் குடிவரவைத் தாண்டித்தான் அடுத்த விமானம், அதற்கும் விசாவோ முன் அனுமதியோ வேண்டும்.

ஜன்னலோரம்:
நல்ல வேளை கேட்டேன். திசையையே திருப்பிவிட்டேன்: ஏப்ரலில் ஜப்பான், டோக்கியோவிலிருந்து நேரே மெக்சிகோ சிட்டி, ஜூனில் பெரு, பொலிவியா, ஜூலையில் ஐரோப்பா ஒரே மாதம், ஆகஸ்டிலிருந்து ஆப்பிரிக்கா. நியூசிலாந்து, பனாமா, கொலம்பியா போயின. ஒரு சந்தேகம், டோக்கியோவில் சாயங்காலம் ஏறி அதே நாள் மதியம் மெக்சிகோவில் இறங்குவதாகக் காட்டுகிறது. அறையை எந்தத் தேதிக்குப் போடுவது?

மூட்டைமுடிச்சு:
தப்பில்லை, பசிபிக்கில் நாள் மாறுகிற தேதிக் கோட்டைக் கிழக்கே தாண்டினால் அப்படித்தான். இறங்குகிற ஊர்த் தேதிக்குப் போடுங்கள். நான் எதிர்த்திசையில் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து ஆக்லாந்து போனபோது 10ஆம் தேதி ராத்திரி ஏறி 12ஆம் தேதி காலை இறங்கினேன். அறை போட்டிருந்தது 11க்கு.