பென்ஸ் சின்னமும் வாள் சண்டையும்: அது நம் பூமிதானா?

தேரடி வாசகன்:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர், "தி வீல் ஆஃப் டைம் முழுக்கக் கற்பனை உலகம், நம் பூமிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை" என்று எழுதியிருந்தார். அதற்கு ஏகப்பட்ட கைதட்டல் வேறு. படித்தால்தானே தெரியும்! ராபர்ட் ஜோர்டன் எழுதிய அந்தத் தொடரின் நாலாவது புத்தகம் 'தி ஷேடோ ரைசிங்', 1992-இல் வந்தது. அதில் டாஞ்சிகோ என்ற நகரத்து அரண்மனையில் ஒரு காட்சிக்கூடம் வரும். பழங்கால எலும்புகளுக்கு நடுவே வெள்ளி நிறத்தில், வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம். பத்தடி தள்ளி நின்றாலே அதிலிருந்து கர்வமும் பகட்டும் வீசுகிறது. அது பென்ஸ் காரின் சின்னம். அதாவது அந்த உலகம் நம் பூமியின் எதிர்காலம். வாளும் குதிரையும் அரசியும் இருந்தால் அது கடந்த காலம் ஆகிவிடாது.

கடலூர்க்காரன்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லி எழுதத் தைரியம் இல்லையா? 14 புத்தகமும் படித்தவன் நான். அந்தப் பொருள் உலோகத்தைவிட மென்மையானது என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. கார் சின்னம் உலோகம். ஆகவே அது கார் சின்னம் இல்லை.

தேரடி வாசகன்:
பிளாஸ்டிக்கில் வெள்ளிப் பூச்சு பூசிய சின்னத்தைப் பார்த்ததே இல்லையா? கதையில் அதைப் பார்க்கும் பெண்ணின் உலகத்தில் பிளாஸ்டிக் கிடையாது, அதனால்தான் அது என்ன பொருள் என்று அவளுக்குப் புரியவில்லை. ஜோர்டன் அதை வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறார். அப்புறம் 1990-இல் வந்த முதல் புத்தகத்துக்குப் போங்கள். 'தாம்' என்ற பெயருள்ள பாணன் கதை சொல்ல வரும் இடத்தில் பழங்கதைகள் வரிசையாக வருகின்றன: நெருப்புக் கழுகின் வயிற்றில் நிலாவுக்குப் பறந்த லென், உலகையே சுற்றி எட்டும் தீ ஈட்டி வைத்திருந்த அரக்கன் மோஸ்க், 'அற்புத இண்டின் தாய்' மாட்டரீஸ். மோஸ்க் என்பது மாஸ்கோ, ஈட்டி என்பது ஏவுகணை. மாட்டரீஸ் அன்னை தெரசா, இண்ட் நம் இந்தியா! ஒரு பெயர் ஆயிரக்கணக்கான வருடம் வாய்மாறி வந்தால் இப்படித்தான் தேயும். முதல் தடவை புரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கடலூர்க்காரன்:
நான் பாணனைப் பற்றிக் கேட்கவில்லை. உலோகத்தைவிட மென்மை. அதற்குப் பதில் எங்கே?

பழுப்பு நிலா:
கொஞ்சம் பொறுங்கள். ஜோர்டனின் கதையில் உலகம் உடைந்து சிதைந்தது இரண்டாம் யுகத்தின் முடிவில். நாம் இருப்பது அதற்கும் முந்தைய யுகம். அங்கே காலம் ஒரு சக்கரம்போல் சுற்றி யுகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் அந்தக் கதை நமக்கு எதிர்காலம், இறந்த காலம் இரண்டுமே. அழிவுக்குப் பிந்தைய உலகம்தான் வேண்டுமென்றால் டெர்ரி புரூக்ஸின் ஷனாரா நாவல் தொடர் இருக்கிறது. 1977-லேயே முதல் நாவல் வந்துவிட்டது. மாபெரும் போர்களில் மனித இனம் சிதைந்து, அதிலிருந்து குள்ளர்களும் ட்ரோல் என்னும் பூதங்களும் உருவானதாகத் தெளிவாகவே சொல்கிறார்.

தேரடி வாசகன்:
தெளிவாகச் சொல்லிவிட்டால் அப்புறம் வாசகனுக்கு என்ன வேலை? ஜீன் உல்ஃபைப் படியுங்கள். 'தி ஷேடோ ஆஃப் தி டார்ச்சரர்', 1980. சிறுவன் செவேரியன் ஒரு பழைய ஓவியத்தைப் பார்க்கிறான். செத்த பாலைநிலம், கவசம் போட்ட ஒரு வீரன், கையில் விறைத்து நிற்கும் கொடி. தங்க முகக்கவசத்தில் கண்ணுக்குத் துளைகூட இல்லை. நிலாவில் நின்ற விண்வெளி வீரர்! அவன் வளர்ந்த கோபுரமே ஒரு பழைய ராக்கெட். இதையெல்லாம் ஆசிரியர் ஓர் இடத்திலும் உடைத்துச் சொல்வதில்லை. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மழைத்தூறல்:
கண்டுபிடிக்க எங்கே விட்டீர்கள்? போன வாரம்தான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். முன்கூட்டி ஒரு எச்சரிக்கை போட்டால் குறைந்தா போவீர்கள்? 'பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்' நாவலையும் இதே மாதிரிதான் எனக்குக் கெடுத்தீர்கள். நான் மறக்கவில்லை.

தேரடி வாசகன்:
40 வருடம் தாண்டிய புத்தகத்துக்கு எச்சரிக்கையா? 'பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்' வரைபடத்தைப் பார்த்தாலே கடல் ஏறிய ஐரோப்பா என்று தெரிந்துவிடும். அதை நான் கெடுக்க என்ன இருக்கிறது?

மழைத்தூறல்:
எல்லாரும் உங்களைப் போல வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை ஐயா. மன்னிப்பு என்ற சொல் உங்கள் அகராதியிலேயே கிடையாது.

கடலூர்க்காரன்:
பேச்சை மாற்ற வேண்டாம். 20 வருடமாக கார் பட்டறை வைத்திருக்கிறேன். பானெட் மேல் நிற்கும் பென்ஸ் நட்சத்திரத்தை இந்தக் கையால் எத்தனை தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன் தெரியுமா? உலோகம். மென்மையே கிடையாது.

தேரடி வாசகன்:
பானெட் மேல் இருந்தது என்று யார் சொன்னது? ஸ்டியரிங் நடுவில் இருப்பது என்ன? அதையும் கழற்றிப் பார்த்தீர்களா?

பழுப்பு நிலா:
யுகத்தைப் பற்றி நான் சொன்னதற்கு யாராவது பதில் சொல்வீர்களா?

தேரடி வாசகன்:
முதலில் இவர் ஸ்டியரிங்கைப் பற்றிச் சொல்லட்டும். நாளைக்கு அந்தப் பக்கத்தையே படம் எடுத்துப் போடுகிறேன்.

கடலூர்க்காரன்:
போடுங்கள். 'மென்மை' என்ற வரியை வெட்டாமல் போடுங்கள்.