தேவதைக் கதைகள் படக்கதையாக வந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மஞ்சக்குப்பம் வாசகி

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் நான்காம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் கதைப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டி ஒரு பத்தி படித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். போன மாதம் பாண்டிச்சேரி போயிருந்தோம். ஞாயிறு சந்தையில் பழைய புத்தகக் குவியலுக்குள் தலையை விட்டு, சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையைப் படக்கதையாகப் போட்டிருந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்தை அவளே தேடி எடுத்தாள். பஸ் ரெட்டிச்சாவடி வருவதற்குள் முடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மாமியார், "படம் பார்த்தே பழகினால் எழுத்தில் எப்போது கண் நிற்கும்? அதுவும் நம்ம ஊர்க் கதையா இது?" என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. அடுத்தது சின்னவன். அவனுக்கு ஐந்து வயது. ஓநாய் பாட்டியை விழுங்கும் இடத்தை முழுப்பக்கத்துக்கு வரைந்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இருட்டினால் கொல்லைப்பக்கம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். தமிழில் இதே மாதிரி ஒன்று வாங்கினேன். பாத்திரங்களின் பேச்சைப் போடும் பலூனுக்குள் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, எனக்கே கண்ணாடி வேண்டும். இந்த வகைப் புத்தகங்களை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: முத்தியால்பேட்டைக்காரன்

அம்மா, எங்களுடையது சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர் குடும்பம். அப்பா பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கெட்டி அட்டை போட்ட பெரிய படக்கதை ஆல்பங்கள் கொண்டுவருவார். பிரெஞ்சுக்காரர்கள் படக்கதையை ஒன்பதாம் கலை என்று சொல்லி இலக்கியத்துக்குப் பக்கத்தில் வைக்கிறவர்கள். என் பிரெஞ்சு அந்த ஆல்பங்களில்தான் வளர்ந்தது, பள்ளிக்கூட இலக்கணம் அப்புறம்தான்.

ஓநாய் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையை 1697இல் அச்சில் கொண்டுவந்த பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ, ஓநாய் சிறுமியையும் தின்றுவிடுவதோடு முடித்துவிட்டார். காப்பாற்ற யாரும் வருவதில்லை. வேட்டைக்காரர் வந்து கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றை வெட்டிப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுப்பது 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில்தான். உங்களிடம் இருப்பது எந்த வழி என்று கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பெரோ வழி என்றால் ஐந்து வயதுக்கு வேண்டாம்.

பதில்: ஓ.டி. டிடிபி

எழுத்து ஏன் பொடியாகிறது என்று நான் சொல்கிறேன், கம்ப்யூட்டரில் எழுத்தைக் கோத்துப் பக்கம் அமைப்பதுதான் (டிடிபி) என் தொழில். பலூனை ஆங்கிலத்துக்கு அளந்து வரைந்திருப்பார்கள். ஆங்கிலப் படக்கதையில் பெரும்பாலும் எல்லாமே கேப்பிடல் எழுத்து, ஒரே உயரம். வரியை நெருக்கி அடுக்கலாம். தமிழில் 'கீ'க்கு மேலே சுழி, 'கூ'வுக்குக் கீழே வால். நெருக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் மோதிக்கொள்ளும். சொற்களும் நீளம். பலூனைத் திரும்ப வரைய நேரமும் கூலியும் ஆகும் என்பதால் எழுத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அப்படியும் இடம் போதாமல் "வந்துகொண்டி" ஒரு வரியிலும் "ருந்தாள்" அடுத்த வரியிலுமாக உடையும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை அந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடுகிறது.

கடையில் நின்று ஏதாவது ஒரு பக்கத்தை விரியுங்கள். சொற்கள் பாதியில் உடைந்திருக்கிறதா, எழுத்து பலூன் ஓரத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் வைத்துவிடுங்கள். தமிழுக்கென்றே வரைந்த புத்தகத்தில் பலூன் தாராளமாக இருக்கும். எட்டு வயதுக்கு எழுத்தின் அளவு 14 பாயின்ட்டாவது வேண்டும் என்பேன்.

பதில்: லாஸ்பேட்டை திண்ணை

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகம் படிப்பது என் வழக்கம். மாமியாரின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இது.

ரப்பன்ஸல் கதையின் படக்கதை ஒன்று எங்களிடம் இருக்கிறது. சூனியக்காரி கோபுரத்தில் அடைத்துவைத்த பெண் ரப்பன்ஸல், அவள் தொங்கவிடும் நீளப் பின்னலைப் பிடித்துத்தான் இளவரசன் மேலே ஏறிவருவான். அதில் ஒரு பக்கத்தில் எழுத்தே கிடையாது. முதல் கட்டத்தில் சூனியக்காரி கத்தரியைத் திறக்கிறாள். அடுத்ததில் பின்னல் மட்டும் தரையில் கிடக்கிறது. மூன்றாவதில் ஜன்னல் கொக்கியில் அதைக் கட்டுகிறாள். கடைசிக் கட்டம் கோபுரத்தின் அடியில்: இளவரசன் பின்னலைப் பிடித்துவிட்டான், முகத்தில் சிரிப்பு. பக்கத்தைத் திருப்பினால்தான் அவன் மேலே யாரைப் பார்க்கிறான் என்று தெரியும். நான் திருப்பப் போனேன், ஏழு வயதுப் பையன் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏறாதடா, மேல அவ இல்லடா!" என்று கத்தினான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் நடந்ததை அவனே ஊகித்துக்கொண்டான். அதுவும் வாசிப்புதான் அம்மா. எழுத்தில் கண் நிற்பதற்கு முன்னால் கதையில் மனசு நிற்க வேண்டும்.

அதனால் புத்தகம் வாங்கும்போது பலூன்களைக் கையால் மறைத்துப் பார்ப்பேன். படங்களே கதையைச் சொன்னால் வாங்கலாம். "ஓநாய் வந்தது" என்று மேலே எழுதி, கீழே ஓநாய் வருவதை வரைந்து வைத்திருந்தால் அந்தப் படம் ஒரு வேலையும் செய்யவில்லை. அப்படிப்பட்டவைதான் அதிகம் வருகின்றன, எனக்கு அதில் வருத்தமே.

சின்னவனுக்குப் பயம் வந்ததற்கு அவன் அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது காரணமாக இருக்கலாம். மடியில் உட்கார வைத்து, பகலில், முழுக் கதையையும் காட்டுங்கள். கிரிம் வழியாக இருந்தால் ஓநாயின் வயிற்றில் கல்லை நிரப்பும் இடம் வரை போங்கள். விழுங்கும் பக்கத்தை ஒட்டி மறைக்க வேண்டாம். அதை அவனே திருப்பட்டும்.

மகளுக்கு அடுத்ததாக சிண்ட்ரெல்லா கொடுங்கள், ஆனால் கிரிம் வழி. அதில் பூசணித் தேரும் தேவதையும் கிடையாது. அம்மாவின் சமாதியில் அவள் நட்டு, அழுத கண்ணீராலேயே வளர்த்த மரம் ஒன்று. அதில் வந்து உட்காரும் பறவைதான் உடையைப் போடுகிறது. அந்த மரம் பக்கத்துக்குப் பக்கம் வளர்வதைப் படத்தில் பார்க்கும்போது பெண்பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அக்காமார்கள் செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்ளும் பகுதியை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

நம்ம ஊர்க் கதையா என்பதற்கு: நம் புராணக் கதைகளைப் படக்கதையாகப் போடும் அமர் சித்திர கதா வரிசையில் கிருஷ்ணர் கதை வந்தபோது அதன் வரிசை எண் 11. முதல் பத்து எண்களும் கன்னடத்தில் வந்த மேல்நாட்டுத் தேவதைக் கதைகளுக்குப் போயிருந்தன. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கலாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். அவரிடம் இருக்கும் பாட்டிக் கதையை மகளே கட்டம் போட்டு வரையட்டும், இன்னும் நல்லது.

மஞ்சக்குப்பம் வாசகி

எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன், வேட்டைக்காரர் இருக்கிறார், கல்லும் இருக்கிறது. இன்று மத்தியானம் சின்னவனோடு உட்காரப் போகிறேன். திண்ணை அக்கா, கடலூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?

லாஸ்பேட்டை திண்ணை

தாராளமாக. நாலரை மணிக்கு ஆரம்பிப்போம். அந்த ஓநாய்ப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள், எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்ததில்லை.