சேல்ஸ்ஃபோர்ஸில் இரட்டைப் பதிவுகளை ஏபிஐ வழியாக இணைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். வாடிக்கையாளர் விவரங்களைப் பேணும் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில் உள்ள எங்கள் தரவுத்தளத்தில் ஒரே வாடிக்கையாளர் மூன்று, சில இடங்களில் ஐந்து தொடர்புப் பதிவுகளாக இருக்கிறார். ரெஸ்ட் ஏபிஐயில் (வெளி நிரல்கள் இம்மென்பொருளோடு பேசும் வழிகளில் ஒன்று) இவற்றை இணைக்கும் வழி எனக்குத் தென்படவில்லை. மிகுதியானவற்றை நேரடியாக அழித்தால் அவற்றோடு பிணைந்த விவரங்களும் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 1:
தயவுசெய்து அழிக்காதீர்கள். அத்தகைய மற்றொரு வழியான சோப் ஏபிஐயில் இதற்கென்றே 'மெர்ஜ்' (இணைத்தல்) என்னும் அழைப்பு, அதாவது கட்டளை, உள்ளது. நிலைத்திருக்க வேண்டிய முதன்மைப் பதிவையும் அதனோடு சேரவேண்டியவற்றின் அடையாள எண்களையும் கொடுத்தால், சார்ந்த பதிவுகள் முதன்மைப் பதிவின் கீழ் மாற்றப்பட்டு, மற்றவை நீக்கப்படும். ஓர் இணைப்பில் முதன்மையோடு 2 பதிவுகள் மட்டுமே சேரும் என்பதால், ஐந்து பதிவுகள் இருந்தால் இருமுறை இணைக்க வேண்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் பலர் தவறுவது வேறோர் இடத்தில். முதன்மைப் பதிவில் தொலைபேசி எண் காலியாக இருந்து, நீக்கப்படும் பதிவில் அது இருந்தாலும், மெர்ஜ் அழைப்பு அதைத் தானாக எடுத்துக்கொள்ளாது. தேவையான மதிப்புகளை முன்கூட்டியே படித்து, முதன்மைப் பதிவோடு சேர்த்து நீங்களே அனுப்ப வேண்டும். எந்தப் பதிவு எதனுள் சேர்ந்தது என்பதை, நீக்கப்பட்ட பதிவின் 'மாஸ்டர் ரெக்கார்ட் ஐடி' (முதன்மைப் பதிவின் அடையாள எண்) புலம் காட்டும். முதலில் சோதனைச் சூழலில் ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. காலிப் புலங்களைப் பற்றி நான் எண்ணியே பார்க்கவில்லை. நிரலில் அந்தப் படியைச் சேர்த்த பிறகே தொடங்குகிறேன்.