காய்ச்சலில் ஜன்னி வந்து ஒன்பது நாளாகிறது, பயம் போகவில்லை: அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

மடிப்பாக்கத்துத் தாய் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒரு வயது ஏழு மாதம் ஆகிறது. எடை 10 கிலோ. சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை மாலை அவனுக்கு மூக்கு ஒழுகியது, உடம்பு லேசாகச் சுட்டது. மழைக்காலத்துச் சளிதானே என்று கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தேன். நள்ளிரவுக்குப் பிறகு அவனுடைய கால் என் வயிற்றில் இடித்தது. தூக்கத்தில் உதைப்பது அவனுக்கு வழக்கம் என்பதால் புரண்டு படுத்தேன். ஆனால் உதை நிற்கவில்லை. தையல் இயந்திரம் ஓடுவது போல ஒரே சீராக அடித்துக்கொண்டே இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், கண்கள் மேலே செருகி, பல் கிட்டி, கடைவாயில் நுரையோடு, உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

மாமியார் ஓடிவந்து பீரோவின் இரும்புச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். நாக்கைக் கடித்துக்கொள்வானோ என்று பயந்து நான் கரண்டிக் காம்பை அவன் வாய்க்குள் நுழைக்கப் பார்த்தேன். கணவர் 108க்கு அழைத்தார்கள். பத்து நிமிடமாவது இழுத்திருக்கும் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மறுநாள் கணவருடைய கைப்பேசியைப் பார்த்தபோது அந்த அழைப்பு மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்திருந்தது. அழைப்பு முடிவதற்கு முன்பே அவன் அழத் தொடங்கிவிட்டான்.

மருத்துவமனையில் காய்ச்சல் 102.6 டிகிரி இருந்தது. மருத்துவர் தொண்டை, காது, கழுத்து எல்லாம் பார்த்து, இரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு, இது காய்ச்சலால் வந்த வலிப்பு, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி மறுநாள் மாலை அனுப்பிவிட்டார். பிள்ளை இப்போது ஓடி விளையாடுகிறான். எனக்குத்தான் நெஞ்சு அடங்கவில்லை. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானியை அவன் அக்குளில் வைக்கிறேன். உடம்பு கொஞ்சம் கதகதத்தாலே பாராசிட்டமால் ஊற்றிவிடுகிறேன். இரவில் விளக்கை அணைப்பதில்லை. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் எப்படி விட்டீர்கள் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அடுத்த வாரம் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட வேண்டும். ஊசியால் காய்ச்சல் வந்து மறுபடியும் ஜன்னி வந்துவிட்டால் என்ன செய்வது? அடுத்த மாதம் நான் அலுவலகம் திரும்ப வேண்டும். பகல் முழுவதும் அவன் மாமியாரிடம்தான் இருப்பான். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்:

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் கை நடுங்கியது, ஏனென்றால் அந்த நாவற்பழ நிறத்தை நானும் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு மூன்று முறை வந்தது. முதல் முறை பதினான்கு மாதத்தில், கடைசி முறை மூன்றரை வயதில். இப்போது எட்டு வயதாகிறது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், காய்ச்சல் வந்தால் மற்றக் குழந்தைகளைப் போலச் சுருண்டு படுத்துவிட்டு எழுந்துகொள்கிறாள்.

முதல் முறைக்குப் பிறகு நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிற குழந்தையை எழுப்பி மருந்து புகட்டினேன். அப்படியும் இரண்டாவது முறை வந்தது. காலையில் இட்லி சாப்பிட்டு, தெருவில் போன கோலமாவுக்காரரைக் கூப்பிட்டுக் கையசைத்தவள், பத்து நிமிடத்தில் விறைத்துப்போனாள். தொட்டுப் பார்த்தபோதுதான் காய்ச்சலே தெரிந்தது. நான் கவனிக்காமல் விட்டதால்தான் வந்தது என்று மருத்துவரிடம் அழுதேன். பல குழந்தைகளுக்குக் காய்ச்சலின் முதல் அடையாளமே இதுதான் என்றும், மருந்து குழந்தையின் உடம்பு வலியையும் சோர்வையும் குறைக்குமே தவிர ஜன்னியைத் தடுத்து நிறுத்தாது என்றும் அவர் விளக்கினார். நீங்கள் தூங்காமல் இருந்தாலும் தூங்கினாலும் வருவது வரும் என்பதால், தூங்கி எழுந்த உடம்போடு அதைச் சந்திப்பதே மேல் என்று எனக்கு அன்று புரிந்தது.

மூன்றாவது முறை வந்தபோது அவளைத் தரையில் பாயின் மேல் இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடத்தினேன். வாயில் எதையும் வைக்கவில்லை, கையையும் காலையும் அழுத்திப் பிடிக்கவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் முதுகில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை நிமிடம். எச்சில் தானாக வெளியே வழிந்தது, பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டாள், அழுதாள், தூங்கிவிட்டாள். எனக்கும் பயம் இருந்தது, ஆனால் என்ன செய்வதென்று கைக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மாமியாருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது, ஒரு பகல் வேளையில் பிள்ளையை விளையாட்டாக அப்படிப் படுக்கவைத்துக் காட்டுங்கள்.

தாம்பரத்திலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர்:

குழந்தைகள் வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பிள்ளையை நேரில் பார்த்த மருத்துவரின் சொல்லே கடைசிச் சொல் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இப்படி வருகிறது. ஒருமுறை வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரலாம். அப்படி வருவது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் வந்துவிடும். எல்லோரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி, இது பிற்காலத்தில் காக்காய் வலிப்பாக மாறுமா என்பது. பொதுவாக நூற்றில் ஒருவருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு இருக்கிறதென்றால், உங்கள் மகனுக்கு வந்தது போன்ற சாதாரண வகை ஜன்னி கண்ட குழந்தைகளில் அது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில்தான் இருக்கும். உடம்பு முழுவதும் ஒருசேர வெட்டி, பதினைந்து நிமிடத்துக்குள் அடங்கி, 24 மணி நேரத்தில் திரும்ப வராமல், பிள்ளை பழையபடி தெளிந்துவிட்டால் அது சாதாரண வகை. இதற்கு ஸ்கேனும் தேவையில்லை, மூளை அலைப் பதிவும் தேவையில்லை. எடுக்காமல் விட்ட உங்கள் மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். உறவினர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பாராசிட்டமால் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. காய்ச்சல் இல்லாத பிள்ளைக்குக் கதகதப்புக்காக ஊற்றாதீர்கள். ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. தவறு நேருவது பாட்டிலில். கைக்குழந்தைக்குத் தரும் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125 என்று ஒரு வகையும், 250 என்று இன்னொரு வகையும் இருக்கின்றன. ஆக, அதே 150 மில்லிகிராம் என்பது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 250 சிரப்பில் மூன்று மில்லி, 125 சிரப்பில் ஆறு மில்லி. இரவுத் தூக்கக் கலக்கத்தில் சிரப்பின் ஆறு மில்லி கணக்கைச் சொட்டு மருந்துக்குப் போட்டால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும், கல்லீரல் தாங்காது. ஆகவே வீட்டில் ஒரே ஒரு பாட்டில் மட்டும் இருக்கட்டும். அதன்மேல் எத்தனை மில்லி என்று பட்டையாக எழுதி ஒட்டிவிடுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். தட்டம்மை நோயே கடும் காய்ச்சலையும் ஜன்னியையும் கொண்டுவரும், மூளையையும் தாக்கக்கூடும். ஊசியால் வரும் காய்ச்சல் அதன் அருகில்கூட வராது. முத்தடுப்பு ஊசிக் காய்ச்சல் ஓரிரு நாளில் வரும், தட்டம்மை ஊசிக் காய்ச்சல் ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சளிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி மார்பில் தடவுவதும், துணியில் முடிந்து கழுத்தில் கட்டுவதும் நம் வீடுகளில் உண்டு. இந்த வயதுப் பிள்ளைகள் அந்த முடிச்சை வாயில் வைத்துச் சப்புவார்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரும். ஒரு கிராம் அளவுகூட உயிருக்கு ஆபத்து. நீலகிரித் தைலத்தை விழுங்கினாலும் இதே கதைதான். பூஜையறைக் கற்பூர டப்பாவை இன்றே உயரத்தில் வையுங்கள். காய்ச்சல் இல்லாமல் திடீரென்று வெட்டினால், எதையாவது விழுங்கினானா என்று முதலில் பாருங்கள், மருத்துவமனையிலும் அதைச் சொல்லுங்கள்.

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, ஒரே நாளில் மறுபடியும் வந்தாலோ, அடங்கி ஒரு மணி நேரமாகியும் பிள்ளை தெளியாவிட்டாலோ, கழுத்து விறைத்தாலோ, காத்திருக்காமல் ஓட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் மூக்கில் அடிக்கும் மிடாசொலாம் மருந்தைச் சில குழந்தைகளுக்கு வீட்டில் வைத்துக்கொள்ள எழுதித் தருவார்கள். உங்கள் பிள்ளைக்கு அது தேவையா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்க வேண்டாம். இரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு இது கூடுதலாக வருவதாகத் தெரிவதால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள்.

சாவியைப் பற்றி உங்கள் மாமியாரிடம் சண்டை வேண்டாம். அது கெடுதல் செய்யாது, ஆனால் நேரத்தைத் தின்னும். கரண்டிதான் கெடுதல்; பல் உடையும், மூச்சு அடைக்கும்.

வேளச்சேரியிலிருந்து ஒரு தந்தை:

மற்றதெல்லாம் மேலே சொல்லிவிட்டார்கள். மழை பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற இரவில் மகளுக்கு இப்படி வந்தது. ஆம்புலன்ஸ் தெருமுனை வரைதான் வர முடிந்தது, அதுவரை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஐப்பசி கார்த்திகையில் எந்த மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் இரவும் பகலும் அவசரச் சிகிச்சை உண்டு, கட்டணம் இல்லை. இந்த மாதங்களில் காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் டெங்குவுக்கும் பார்த்துவிடுங்கள். காய்ச்சல் இறங்கும்போது பிள்ளை சோர்ந்து, கைகால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்தால் அது குணமாகும் அடையாளம் அல்ல.

மடிப்பாக்கத்துத் தாய் மீண்டும்:

உங்கள் மூவருக்கும் நன்றி என்ற சொல் போதாது. செவிலியர் அம்மா எழுதியதை நேற்று மாலை மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கற்பூரம் என்றதும் எழுந்து போய்ப் பிள்ளையின் தலையணைக்கு அடியிலிருந்த முடிச்சை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் புருஷனுக்கும் இரண்டு வயதில் வந்ததம்மா, ரெண்டு தடவை" என்றார். வலிப்புக்காரப் பிள்ளை என்று பெயர் வந்துவிட்டால் நாளை யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்து, முப்பது ஆண்டுகளாகத் தன் பிள்ளையிடமே அவர் இதைச் சொல்லவில்லை. அந்தச் சாவி அப்போது அவருடைய மாமியார் கொடுத்ததாம். அன்று இரவு என்னைவிட அவருக்குத்தான் அதிகம் பயமாக இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. இன்று காலை அவரே பிள்ளையைப் பாயில் ஒருக்களித்துக் கிடத்திப் பழகினார், அவன் சிரித்துக்கொண்டே புரண்டு ஓடினான். பழைய சொட்டு மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டேன். தந்தைக்கு இருந்ததால் பிள்ளைக்கு ஆபத்து கூடுமா என்பதை மட்டும் சொல்லுங்கள் அம்மா.

தாம்பரத்துச் செவிலியர்:

மறுபடியும் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் வந்தால் செய்ய வேண்டியது மாறாது. ஜன்னி கண்ட குழந்தைகளில் பலருக்குத் தாய் தந்தை, உடன்பிறந்தோரில் யாருக்காவது சிறு வயதில் வந்திருக்கும். மாமியார் மறைத்ததில் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை, அந்தக் காலம் அப்படி. மருத்துவரிடம் இதைச் சொல்லிக் குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஊசி போடும் இடத்திலும் முதல் ஜன்னியைப் பற்றிச் சொல்லிவிட்டு, போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள். முடிந்தால் மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள்.