மறுபடி ஊரடங்கு வந்தால் வேலூர், ராணிப்பேட்டை, சித்தூர் வியாபாரத்துக்கு என்னென்ன கையில் இருக்கணும்?

காட்பாடி மண்டி (கேள்வி)

காட்பாடி சுற்றுவட்டார மொத்த வியாபாரிகளும் பேரணாம்பட்டு தோல் ஷெட்காரர்கள் சிலரும் சேர்ந்து உறுப்பினர்களுக்காக இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயார் செய்கிறோம். பெருந்தொற்று மறுபடி வந்து நடமாட்டத்துக்கும் கடைக்கும் கட்டுப்பாடு போட்டால் முதல் நாளே எல்லோர் கையிலும் அது இருக்க வேண்டும். சென்னை உத்தரவும் கலெக்டர் உத்தரவும் வேறுபட்டால் எதைப் பின்பற்றுவது? ஆந்திர எல்லையில் சரக்கு வண்டிக்கு என்ன காகிதம் வேண்டும்? திடீரென மூடச் சொன்னால் பதனிடும் டிரம்மில் கிடக்கும் தோலை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி வக்கீல்

முதலில் எந்தச் சட்டம் என்று பாருங்கள். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்று நள்ளிரவு தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கு வேறு, அது 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தது. இவற்றோடு 1897 கொள்ளைநோய்ச் சட்டமும் 1939 தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டமும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144 இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 163வது பிரிவு.

2020இல் மத்திய உள்துறை போட்ட கட்டுப்பாட்டை மாநிலம் இறுக்கலாம், தளர்த்தக் கூடாது என்றுதான் இருந்தது. மாநில அரசாணை வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையிலிருந்து வரும். கலெக்டர்தான் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர். ஆகவே அவர் உத்தரவு அரசாணையைவிடக் கடுமையாக இருந்தால் கடைக்காரருக்கு அதுதான் உத்தரவு. அரசாணையைக் காட்டி வாதம் செய்துகொண்டு கடையைத் திறந்து வைக்காதீர்கள், ஆட்சேபணையை மனுவாகக் கொடுங்கள். கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று உங்கள் தெருவை அறிவித்துவிட்டால் பொதுத் தளர்வு எதுவும் அங்கே செல்லாது.

நேரம் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு ஒரு கணக்கு. 2020 மார்ச் 29 முதல் மளிகைக் கடைக்கு காலை 6 முதல் பிற்பகல் 2.30 வரை. ஏப்ரல் 5 முதல் 1 மணி வரைதான். 2021இல் மே 10 முதல் பகல் 12 மணி, மே 15 முதல் காலை 10 மணி, மே 24 முதல் கடையே கிடையாது, காய்கறி வண்டியில்தான். பழைய வாட்ஸ்அப் பட்டியலை நம்பி ஷட்டரைத் தூக்கியவர்களுக்குத்தான் அதிகம் சிக்கல் வந்தது. தேதி, எண், கையெழுத்து உள்ள உத்தரவை அச்செடுத்து ஷட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். டிவியில் ஓடும் செய்தி உத்தரவு ஆகாது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது, நான்கே மாதத்தில் ஊரடங்கு வந்தது. ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போயின, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. அன்றாடம் போய்வரும் ஊர்களெல்லாம் 'வெளிமாவட்டம்' ஆகிவிட்டன. 2020 ஜூன் 1 முதல் இந்த மூன்று மாவட்டமும் தருமபுரி, கிருஷ்ணகிரியும் ஒரே மண்டலம் என்பதால் உள்ளே பாஸ் தேவைப்படவில்லை. ஜூன் 25இல் அந்தச் சலுகை போனது. ஆரணி, போளூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம், அது அப்போதும் வேறு மண்டலம்தான். பலருடைய ஆதாரில் இன்றும் 'வேலூர் மாவட்டம்' என்றே இருக்கிறது. விண்ணப்பத்தில் ராணிப்பேட்டை, அடையாள அட்டையில் வேலூர் என்றால் சோதனைச்சாவடியில் நிறுத்திக் கேட்பார்கள். இப்போதே முகவரியைத் திருத்துங்கள்.

இ-பாஸும் இ-பதிவும் ஒன்றல்ல. 2020 இ-பாஸுக்கு அதிகாரி ஒப்புதல் வேண்டும். திருமணம், இறப்பு, மருத்துவம் மாதிரி காரணமும் அதற்குச் சான்றும் கேட்டார்கள். ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் கார்டு எண் கொடுத்தாலே கிடைத்தது, செப்டம்பரில் மாவட்டங்களுக்கிடையே பாஸே எடுக்கப்பட்டது. 2021 மே 17 முதல் வந்தது இ-பதிவு. அதற்கு ஒப்புதல் வேண்டாம், ஆனால் பதிவு செய்யாமல் கிளம்பக் கூடாது. அடுத்த முறை எந்தப் பெயரில் வந்தாலும் 'ஒப்புதல் வேண்டுமா, பதிவு போதுமா' என்பதை முதலில் பாருங்கள்.

கிறிஸ்டியான்பேட்டை லாரி

சரக்கு வண்டி பற்றி மட்டும் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் மத்திய உள்துறை தெளிவாகவே சொன்னது: இரண்டு டிரைவர், ஒரு கிளீனர், செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் எல்லா லாரியும் போகலாம், தனி பாஸ் வேண்டாம், சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வண்டியும் போகலாம். தகராறு வந்தது அந்தக் காலி வண்டிக்குத்தான். லோடு இல்லாத வண்டி ஏன் போகிறது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே இறக்கிய இடத்தில் கையெழுத்து வாங்கிய எல்.ஆர். (லாரி ரசீது) நகல், அடுத்த லோடுக்கான கடிதம் இரண்டும் கேபினில் இருக்கட்டும். நான்காவது ஆளை 'இறக்கிவிட்டுப் போகிறேன்' என்று ஏற்றவே ஏற்றாதீர்கள். வண்டி நிற்கும், சரக்கும் நிற்கும்.

இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) இப்போது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. எல்லையில் வரிசையில் நின்றே காலாவதி ஆகிவிடும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து முடிந்த 8 மணி நேரம் வரை காரணம் போட்டு நீட்டிக்கலாம், அதை டிரைவரிடம் விடாமல் ஆபீஸில் ஒருவர் பார்க்க வேண்டும்.

வழி விஷயம். 2020 ஏப்ரல் கடைசியில் குடியாத்தம்–பலமநேர் சாலையில் சைனகுண்டாவிலும், பொன்னை–சித்தூர் சாலையிலும் குறுக்கே ஹாலோபிளாக் சுவரே எழுப்பினார்கள். எதிர்ப்பு வந்ததும் ஓரிரு நாளில் எடுத்துவிட்டார்கள். கிளைச் சாலை அப்படித்தான், முன்னறிவிப்பு இல்லாமல் அடைபடும். பரதராமி, பத்தலப்பல்லி, சைனகுண்டாவை நம்பித் தக்காளி ஏற்றாதீர்கள். சுற்றானாலும் காட்பாடி–சித்தூர் சாலையில் கிறிஸ்டியான்பேட்டை வழியாக வாருங்கள்.

வெட் புளூ

தோலுக்கு வருகிறேன். பச்சைத்தோல் இந்த வெயிலில் சில மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும். ஷெட்டுக்குள் வந்துவிட்டால் எடையில் 40 முதல் 50 சதவீதம் உப்பு போட்டு அடுக்குங்கள், தண்ணீர் வடிய சரிவு வேண்டும். உப்பு குறைத்தால் தோல் அழுகி முடி கழலும்.

முடி நீக்கச் சுண்ணாம்பில் போட்டிருக்கும் தோல்தான் பெரிய ஆபத்து. நாள்கணக்கில் அப்படியே விட்டால் உப்பிப்போய் மேல்தோல் தளர்ந்துவிடும், பிறகு எந்த விலைக்கும் போகாது. நிறுத்த வேண்டிய இடம் பிக்கிள் (உப்பும் அமிலமும் சேர்ந்த கரைசலில் ஊறிய நிலை) அல்லது வெட் புளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்). பிக்கிளில் உப்புக் கரைசல் 6 முதல் 8 போமே (கரைசலின் அடர்த்தி அளவு) இருக்கட்டும், அதற்குக் கீழே இறங்கினால் அமிலத்தில் தோல் வீங்கும். வெட் புளூவுக்குப் பூஞ்சைக்கொல்லி போட்டு, ஈரம் காயாமல் பாலித்தீன் போர்த்தினால் மாதக்கணக்கில் தாங்கும். சுண்ணாம்பிலிருந்து அங்கே கொண்டுபோக இரண்டு மூன்று நாள் ஆகும், அந்த அவகாசத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 2020 மார்ச் வழிகாட்டுதலிலேயே தொடர் செயல்முறை ஆலைகளுக்கு மாநில அரசின் அனுமதியோடு விலக்கு இருந்தது. எத்தனை டிரம், எந்த நிலையில் எவ்வளவு தோல், எத்தனை ஆள், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்ற பட்டியல் தயாராக இருந்தால் அன்றே மனு கொடுக்கலாம். 'தோல் கெட்டுவிடும்' என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள்.

ஷெட்டுகளின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை முழுவதும் அணைக்காதீர்கள். காற்றூட்டும் தொட்டியில் புளோயர் நின்றால் பாக்டீரியா சாகும், மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் மெம்பரேனை 1 சதவீத சோடியம் பைசல்பைட் கரைசலில் வைக்க வேண்டும்.

திறக்கும் நாள் இன்னும் முக்கியம். தேங்கிய சுண்ணாம்பு–சல்பைடு தண்ணீரில் பிக்கிள் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். கொஞ்ச நேரத்தில் மூக்குக்கு வாடையே தெரியாமல் போகும், ஆள் அங்கேயே விழுவார், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். வாயு மானியும் காற்றோட்டமும் இல்லாமல் குழிக்குள் ஒருவரையும் இறக்காதீர்கள், உயிர் விஷயம். 2020 மே 7 விசாகப்பட்டின வாயுக் கசிவுக்குப் பிறகு, திறக்கும் முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாக வையுங்கள், உற்பத்தி இலக்கு வைக்காதீர்கள் என்று மத்திய அரசே சொன்னது. குறிப்பில் இதை முதல் பக்கத்தில் போடுங்கள்.

காட்பாடி மண்டி

மிக்க நன்றி. இன்னொன்று, 2020, 2021இல் ஊரடங்கை மீறியதாக இந்திய தண்டனைச் சட்டம் 188 பிரிவில் (அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவது) வழக்கு வாங்கிய சிலருக்குப் பாஸ்போர்ட் விசாரணையில் இன்னும் தொல்லை வருகிறது. வழி உண்டா?

சத்துவாச்சாரி வக்கீல்

உண்டு. 2021 பிப்ரவரியில் அரசு ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. போலி இ-பாஸ், போலீஸ் பணியைத் தடுத்தது, வன்முறை ஆகியவை அதில் சேராது. 2021 மே ஊரடங்கு அதற்குப் பிறகு வந்தது, அந்த அறிவிப்பை அதற்குக் காட்ட முடியாது.

எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்து ஈ-கோர்ட்ஸ் தளத்தில் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் நீதிமன்றத்தில் நிலுவை என்று சொல்ல முடியாது. போயிருந்தால் மூன்றைக் கவனியுங்கள். 188க்கு உத்தரவு போட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்க வேண்டும், இல்லாமல் நீதிமன்றம் எடுக்க முடியாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195 சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் ஜீவானந்தம் வழக்கில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. அடுத்து, நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்வதற்கான கால வரம்பு, 188க்கு ஒரு வருடம். மூன்றாவது, கூடவே நோய் பரப்பும் செயலுக்கான 269 அல்லது 270 சேர்த்திருக்கிறார்களா? 270க்குத் தண்டனை இரண்டு வருடம் வரை, அதனால் கால வரம்பும் மூன்று வருடம். இவற்றைச் சரிபார்த்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம், இப்போது பி.என்.எஸ்.எஸ். 528. அபராதம் கட்டி முடித்தவர்கள் ரசீதையும் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் வாங்கி வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.