வெயில் ஊரில் விற்றமின் டி குறைவா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை மூத்தவள்:
அம்மாவின் கால் நோவை மூன்று வருடமாக வயசு என்றே தள்ளிவிட்டோம், எண்ணெய், தைலம் எல்லாம் பார்த்தாச்சு. போன மாதம் காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறப்போனவர் ஒரு காலைப் படியில் வைத்தார், மற்றக் கால் வரவே இல்லை. கண்டக்டர் பொடியன் "ஹெமின் அம்மே" (மெதுவாக அம்மா) என்று முழங்கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றினான். சீட்டில் இருந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி வந்தவர், இறங்கும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரத்தப் பரிசோதனையில் டி 9. 20க்குக் கீழே போனாலே குறைபாடாம். கடலுக்கு ஒரு ஒழுங்கை தள்ளித்தான் எங்கள் வீடு!

ஏழாம் மாடி:
எனக்கு 14. கொள்ளுப்பிட்டியில் கடல் பக்கக் கந்தோர், பின்னேர வெயில் முழுக்க என் மேசையில்தான். "நான் வெயிலிலேதானே இருக்கிறேன்" என்று டொக்டரிடம் இடது கையை நீட்டினேன், வலதை விடக் கறுத்துப்போயிருக்கிறது. சிரித்துவிட்டார். டி உண்டாக வெயிலில் இருக்கிற யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும், அதை யன்னல் கண்ணாடி மறித்துவிடும், தோலைக் கறுக்க வைக்கிற யூவிஏ கதிர்தான் உள்ளே வரும். கறுத்ததுதான் மிச்சம்.

சூடைமீன்:
அக்கா, அம்மாவைக் காலை ஆறு மணிக்குக் காலிமுகத்திடலில் நடக்கவிடுங்கள். எங்கள் அப்பாவுக்கு அதோடு சரி.

பழைய பார்மசிக்காரன்:
சூடைமீன், கோபிக்க வேண்டாம், ஆறு மணி நடை நெஞ்சுக்கு நல்லது, டிக்கு இல்லை. சூரியன் சரிந்திருக்கும்போது யூவிபி நிலத்துக்கு வருவதே அரிது. உங்கள் நிழல் உங்களை விடக் கட்டையாக விழ வேண்டும், கொழும்பில் அது ஒன்பதரைக்குப் பிறகு. நம்மைப் போலக் கறுத்த தோலுக்கு வெள்ளைக்காரனை விடக் கூட நேரம் வேண்டும், குடையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு நின்று பயனில்லை, அதற்காகக் கருகும் வரை நிற்கவும் வேண்டாம். சாப்பாட்டில் ரின் மீன், முட்டை மஞ்சட்கரு. உங்கள் பெயரில் இருக்கிற மீனும் நல்லதுதான். கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன்: 50,000 யூனிட் மாத்திரை வழக்கமாக வாரத்துக்கு ஒன்று. என்னிடம் வாங்கிய ஒருவர் அதைத் தினமும் விழுங்கி, தாகமும் சத்தியுமாக வந்து நின்றார். இரத்தத்தில் கல்சியம் ஏறிவிட்டது, விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும். டொக்டர் எழுதாமல் தொடாதீர்கள்.

சூடைமீன்:
அப்பா மாத்திரையும் போட்டவர்தான். எழுத மறந்துவிட்டேன்.

வெள்ளவத்தை மூத்தவள்:
ஒன்பதரை என்றால் எங்களுக்குச் சிக்கல். மொட்டைமாடித் திறப்பு காவலாளியிடம், உடுப்புக் காயப்போட்டதும் ஒன்பதுக்கே பூட்டிவிடுவார். நேற்றுக் கேட்டதற்கு, அந்த வெயிலில் அம்மாவுக்கு அங்கே என்ன வேலை என்கிறார்.