கப் புதியது, ஆயிலும் குறையவில்லை. ஆனாலும் சூடேறினால் கிளட்ச் வழுக்குகிறது

கேள்வி – பர்மாவின் மோல்மீனிலிருந்து

தொழில் தெரிந்த பெரியவர்களுக்கும் அண்ணன்மார்க்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1986ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் வண்டி ஒன்று இருக்கிறது. அப்பா காலத்தில் முடோன் வழியாகத் தன்பியூசயாட் வரை லைன் காராக, அதாவது ஊருக்கு ஊர் ஆள் ஏற்றும் வண்டியாக ஓடிய அந்த வண்டியில் இப்போது நான் ரப்பர் ஷீட் ஏற்றுகிறேன். சென்ற மாதம் கிளட்ச் பெடலை மிதித்துப் பிடித்தால் அது மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது. ரிவர்ஸ் போடும்போது கியர் கரகரத்தது. கிளட்ச் ஆயில் டப்பாவில் ஆயில் குறையவில்லை, பெடலுக்குப் பின்னாலும் கிளட்சைத் தள்ளும் கீழ்ச் சிலிண்டரின் உறையிலும் ஈரம் இல்லை. ஆகவே பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டிப் பின்னுக்கு வருகிறது என்று முடிவு செய்து, மியாவடி வழியாகத் தாய்லாந்திலிருந்து வந்த ஒரு ரப்பர் பாகக் கிட்டை வாங்கி நானே மாற்றினேன்.

முதல் இரண்டு நாள் வண்டி புதிது போல ஓடியது. மூன்றாம் நாளிலிருந்து வேறொரு தொல்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் பெடலின் மேல்பகுதி ஆட்டமே இல்லாமல் விறைத்துப் போகிறது. மேட்டில் ஏறும்போது இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர்வதில்லை. ஒரு மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது. இங்குள்ள ஒரு பட்டறையில் காட்டியதற்கு, வண்டியின் அடியில்கூடப் பார்க்காமல், கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். அது எனக்குப் பெரிய செலவு. பிளேட்தானா, அல்லது நான் மாற்றியதில் பிழையா?

பதில் – ரங்கூனிலிருந்து

தம்பி, கியர் பாக்ஸில் கை வைக்க வேண்டாம். தேய்ந்த பிளேட் ஆறியவுடன் குணமாகாது. உங்கள் வண்டி குணமாகிறது என்பதே பெரிய தடயம். பெடலை விட்ட பிறகும் குழாயில் அழுத்தம் தங்கி, கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். மாஸ்டர் சிலிண்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உருளையின் சுவரில் ஊசித் துளை போன்ற ஒரு சிறு வழி டப்பாவுக்குப் போகும். மற்றதில் பிஸ்டனின் முனையில் ஒரு வால்வு இருந்து அந்த வேலையைச் செய்யும். எந்த வகையானாலும், பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்து பூட்டு வளையமான சர்க்கிளிப்பின் அருகே உள்ள வாஷரில் முட்டி நின்றால்தான் அந்த வழி திறக்கும். இன்ஜின் சூட்டில் ஆயில் விரியும்போது, விரிந்த அளவு அந்த வழியாக டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். வழி அடைபட்டிருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. கீழ்ச் சிலிண்டரைத்தான் தள்ளும். அப்போது நீங்கள் காலை எடுத்திருந்தாலும் கிளட்ச் பாதி மிதித்த நிலையில்தான் இருக்கும்.

இதை உறுதி செய்ய, வழுக்கும் நேரத்தில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு, கீழ்ச் சிலிண்டரின் காற்று எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீச்சி அடித்து, மூடிய பிறகு வண்டி உடனே இழுத்தால், பிளேட்டின் மேல் குற்றமில்லை. அடுத்து, பெடலின் நுனியில் விரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். பெடலிலிருந்து வரும் புஷ் ராடு பிஸ்டனைத் தொடுவதற்கு முன் 1 முதல் 5 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்க வேண்டும். ஒரு சொட்டு ஆட்டமும் இல்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி ராடைக் குறைத்துவையுங்கள்.

இன்னொரு கேள்வி, இதற்கு உண்மையான பதில் தேவை: பழைய பாகங்களை எதில் கழுவினீர்கள்? கப்பை எதைத் தடவி உள்ளே விட்டீர்கள்?

கேள்வி கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. நிப்பிளைத் திறந்ததும் ஒரு முழம் தூரத்துக்கு ஆயில் பீச்சியது. வண்டி உடனே இழுத்தது. புஷ் ராடில் ஆட்டமே இல்லை. 3 மில்லிமீட்டர் வைத்தேன். ஒரு நாள் நன்றாக ஓடி, மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. கழுவியது டீசலில். கப் சுலபமாக நுழைவதற்காக வீல் பேரிங் கிரீஸ் கொஞ்சம் தடவினேன்.

பதில் – ரங்கூனிலிருந்து

தம்பி, நோய் அங்கேதான் இருக்கிறது. கிளட்ச் டப்பாவிலும் ஊற்றுகிற இந்தத் திரவத்தை நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அந்தச் சொல்தான் பலரை ஏமாற்றுகிறது. டாட் 3, டாட் 4 என்று டின்னில் விற்பது பெட்ரோலிய எண்ணெயே அன்று. கிளைகால் வகைத் திரவம். அந்தக் கப்புகளின் ரப்பர் கிளைகாலில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும், ஆனால் டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் ஆகியவற்றில் ஊறி உப்பிவிடும். உப்பிய கப் உருளையில் இறுகி, பிஸ்டனை முழுவதும் பின்னால் வர விடாது. சில நாள் கழித்துத் தொல்லை தொடங்கியதும், ராடைச் சரிசெய்தும் நிற்காததும் இதனால்தான்.

டப்பாவின் மூடிக்குள் ரப்பர் இருந்தால் அதைப் பாருங்கள்; அது பெரிதாகி, இருந்த இடத்தில் உட்கார மறுத்தால் சந்தேகமே வேண்டாம். டப்பாவிலிருந்து சில சொட்டு எடுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரிலும் விட்டுப் பாருங்கள். நல்ல பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், கலப்படம் அமைப்பு முழுவதும் போயிருக்கிறது.

அப்படியானால் மாஸ்டரின் கப்பை மட்டும் மாற்றுவது பணத்தை ஆற்றில் போடுவதுதான். மாஸ்டர் கிட், கீழ்ச் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ், மூடியின் ரப்பர் ஆகிய நான்கையும் மாற்ற வேண்டும். இரும்புக் குழாயை மெத்திலேட்டட் ஸ்பிரிட் விட்டு அலசி, காற்றடித்து நன்றாக உலர்த்துங்கள். புதிய கப்பைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்து, விளிம்பு மடங்காமல் உள்ளே விடுங்கள். வேறு எதையும் தொடவிட வேண்டாம்.

பதில் – பெகுவிலிருந்து

ஐயா சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். கிட் வாங்குவதற்கு முன் சிலிண்டரின் உடலில் வார்த்திருக்கும் அளவைப் படியுங்கள். 5/8 என்றால் 15.87 மில்லிமீட்டர், 11/16 என்றால் 17.46; இரண்டு கப்பும் கடை மேசையில் ஒன்று போலவே தெரியும். உருளையின் உட்சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வெறும் கறை என்றால் துடைத்தால் போகும். நகம் சிக்கும் அளவுக்குக் குழி இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். உருளை அகலமாகி, அடுத்த கப்பும் ஆயிலைப் பின்னுக்கு விடும். அந்த நிலையில் முழு சிலிண்டரையே மாற்றுவது நல்லது.

கேள்வி கேட்டவர்

தம்ளரில் எண்ணெய்ப் படலம் தெளிவாக மிதந்தது. பழைய கப்பைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மூன்று வாரம் கூட ஆகாத அந்த ரப்பர் காளானைப் போல மென்மையாகி விரிந்திருந்தது. என் சிலிண்டர் 5/8. உள்ளே கறை மட்டும்தான், குழி இல்லை. நான்கு பாகங்களையும் மாற்றி, நிப்பிளில் உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி அதன் நுனியைப் பாட்டிலில் உள்ள ஆயிலில் மூழ்கவைத்து, என் தம்பி பெடலை மிதித்துப் பிடிக்க நான் திறந்து மூடிக் காற்றை எடுத்தேன். இரண்டு வாரமாகத் தன்பியூசயாட் போய்வருகிறேன். ஒரு முறைகூட வழுக்கவில்லை. நுனியில் ஆட்டம் இப்போது 2 மில்லிமீட்டர். பாதி டின் டாட் 3 மீதியிருக்கிறது. அதை மழைக்காலம் முடியும்வரை வைத்திருக்கலாமா?

பதில் – ரங்கூனிலிருந்து

வைக்க வேண்டாம், தம்பி. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் திறந்த டின் சீக்கிரம் கெட்டுவிடும். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 ஆகக் குறைகிறது. ஈரம் சிலிண்டரின் உட்சுவரையும் அரித்து, பெகு அண்ணன் சொன்ன குழியை உண்டாக்கும். அடுத்த முறை சிறிய டின்னாக வாங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வடித்துப் புதிது ஊற்றுங்கள். காற்று எடுக்கும்போது டப்பாவைச் சுற்றிச் சிந்தியிருந்தால் இன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், பெயிண்டை உரித்துவிடும்.